ஒன்பதாவது ஆள்

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் நான் பேஸ்போல் விளையாடத் தொடங்கியதற்குக் காரணம், ஓர் அணியில் ஓர் ஆள் குறைந்துபோனதுதான். என் திறமையைக் கண்டு யாரும் கூப்பிடவில்லை.

அப்போது நான் லிபெர்த்தா வீதியில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றேன். வீட்டுக்காரியை சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய கணவர் ஒரு காலத்தில் பாலங்கள் கட்டிய எஞ்சினியர். பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. காலையில் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கிக் கதிரையில் வைப்பது, குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, மதியம் ஊட்டுவது, திரும்பவும் தூக்கிக் கட்டிலில் போடுவது எல்லாம் என் பொறுப்பு. குசினிக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்ன அறை தந்திருந்தார்கள். வியாழன் பின்னேரமும் ஞாயிறு முழுநாளும் லீவு.

சிஞ்ஞோராவின் அண்ணன் மகன் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியார். அவர் ஒரு பேஸ்போல் அணியையும் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தலையைப் பிடித்தபடி வந்து மாமியின் முன்னால் உட்கார்ந்தார். மறுநாள் ஆட்டம். எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள். ஒன்பதுபேர் நிற்காவிட்டால் ஆடாமலே தோற்றதாக எழுதிவிடுவார்கள். நான் கோப்பித் தட்டோடு உள்ளே போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவன் ஓடுவானோ?" என்று மாமியிடம் கேட்டார்.

"என்ரை மனுசனைத் தூக்கிறான். ஓடமாட்டானே?" என்றார் சிஞ்ஞோரா.

அப்படித்தான் நான் போனேன். இரவல் சப்பாத்து, இரவல் கையுறை. மைதானத்தின் வலது மூலையில், வேலிக்குப் பக்கத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கே பந்து வருவது குறைவு என்று பிறகு தெரிந்தது. அன்று ஒரு பந்தும் வரவில்லை. மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்றுவிட்டு, கையுறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்து வந்தேன். அடுத்த கிழமையும் ஆள் காணாது என்று கூப்பிட்டார். அதற்கடுத்த கிழமையும். பிறகு கூப்பிடாமலே போகத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமையில் போவதற்கு ஓர் இடம் இருப்பது பெரிய விசயம்.

கோடை தொடங்கியபோது அணியில் பந்து எறிகிற பெடியனுக்குக் கட்டாய இராணுவ சேவைக்குக் கடிதம் வந்துவிட்டது. அவனை வடக்கே எங்கேயோ அனுப்பிவிட்டார்கள். பேஸ்போலில் எறிபவன் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. நடுவில் ஒரு மண்மேடு; அதில் நின்று அவன்தான் ஒவ்வொரு பந்தையும் போட வேண்டும். வாத்தியார் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி எறியச் சொன்னார். எங்கள் ஊரில் பந்து போட்டிருக்கிறேன் என்று நான் சொன்னேன். சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனாலும் சொன்னேன்.

அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூட அணியின் வேகப் பந்துவீச்சாளன் நான். பதினேழு வயதில், பக்கத்துக் கல்லூரியோடு நடந்த ஓர் ஆட்டத்தில், ஓரத்தில் நின்ற நடுவர் கையை நீட்டி 'நோ போல்' என்றார். என் முழங்கை மடிகிறதாம். நான் பந்தை வீசவில்லை, எறிகிறேனாம். ஒரே ஓவரில் ஐந்து தரம். சனம் முழுக்க "எறியிறான், எறியிறான்" என்று கத்தியது. தலைவன் வந்து என் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டான். அதன் பிறகு ஒரு வருடம், முழங்கையில் மரத்தால் செய்த அடிமட்டத்தை வைத்துத் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த மதிலில் பந்து போட்டுப் பழகினேன். கை நேரானது. அதற்குள் சண்டை இறுகி மைதானங்கள் எல்லாம் சென்றிக் காவலரண்களும் பங்கர்களுமாகிவிட்டன. அந்த நேரான கையால் ஓர் ஆட்டமும் ஆடாமலே நான் நாட்டைவிட்டு வந்தேன்.

ஆகவே பலெர்மோவில் என்னை எறியச் சொன்னபோது நான் ஓடிவந்து, கையை நேராகச் சுழற்றி, நிலத்தில் குத்தி எழும்புகிற மாதிரி ஒன்று போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ஓடக்கூடாது, மேட்டில் நின்ற இடத்தில் நின்று எறிய வேண்டும், பந்து நிலத்தில் படக்கூடாது என்று வாத்தியார் விளங்கப்படுத்தினார். நின்று எறிந்தேன். கை மட்டும் மடியவில்லை.

"முழங்கையை மடி," என்றார்.

நான் தலையாட்டினேன். திரும்பவும் கை நேராகவே போனது. இரண்டு கிழமை இப்படியே நடந்தது. மடிக்க வேண்டும் என்று மூளைக்குத் தெரியும், கை கேட்காது. வாத்தியார் களைத்துப்போய் வேறு யாரையும் பார்க்கலாம் என்ற யோசனைக்கு வந்துவிட்டார்.

எங்கள் அணியில் பந்து பிடிப்பவர் பிரான்காச்சோப் பகுதியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ் வைத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டையான, அகன்ற மனிதர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து, எறிபவன் போடுகிற ஒவ்வொரு பந்தையும் பிடிப்பது அவருடைய வேலை. அதிகம் கதைக்க மாட்டார். கதைத்தாலும் அது சிசிலிய மொழி. நான் படித்த இத்தாலியனுக்கு அது எட்டாது. ஒரு வியாழக்கிழமை அவர் முகமூடியைக் கழற்றி நிலத்தில் வைத்துவிட்டு மேட்டுக்கு நடந்து வந்தார். கறுத்துப்போன நகங்களுள்ள கையால் என் முழங்கையைப் பிடித்தார். ஒரு துருப்பிடித்த நெம்புகோலை மடக்குவதுபோல, மெதுவாக, இரண்டு மூன்று தரம் மடக்கி நீட்டினார்.

"இப்பிடி," என்றார். திரும்பி நடந்துபோய்க் குந்தினார்.

எறிந்தேன். பந்து அவருடைய கையுறையில் விழுந்த சத்தம் மைதானத்தைச் சுற்றியிருந்த வீடுகளில் பட்டுத் திரும்பி வந்தது. நான் உடனே தலையைத் திருப்பிப் பக்கவாட்டில் பார்த்தேன். அங்கே யாரும் கையை நீட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஒரு நாய் மட்டும் புல்லில் படுத்திருந்தது. அவர் பந்தைத் திருப்பி எறிந்தார். நான் அடுத்ததைப் போட்டேன்.

அந்த அணிக்கு நான்கு கோடைகாலம் பந்து எறிந்தேன். நான் பெரிய எறிகாரன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என்னிடம் வேகம் குறைவு. கிரிக்கெட்டில் படித்த ஒரு பழக்கம் மட்டும் இருந்தது. வெளிப்பக்கமாக, தாழ்வாக, கடைசி நேரத்தில் கொஞ்சம் விலகிப் போகிற பந்து. அதை ஒரே இடத்தில் நூறு தரம் போடுவேன். அதனால் சில ஆட்டங்களை வென்றோம். தோற்றவைதான் கூட. போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் ஒரு சின்னக் கொடுப்பனவும் தந்தார்கள். வெளிநாட்டு ஆட்டக்காரன் என்று பதிந்திருந்தார்கள். ஓர் அணிக்கு அப்படி ஓராள்தான் அனுமதி. ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டத்துக்கு முதல் நடுவர் பெயர் வாசிப்பார். என் பெயர் வந்ததும் நிறுத்துவார். அதை மூன்று துண்டாக உடைத்து வாசித்துவிட்டு என் பெர்மெஸ்ஸோவை, வதிவிட அனுமதிக் கடதாசியை, வாங்கிப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் வரிசையில் நின்று அந்தக் கடதாசியைப் புதுப்பிக்கும்போது பார்ப்பார்களே, அதே பார்வை. மற்ற எட்டுப்பேரும் அதுவரை கைகளைக் கட்டிக்கொண்டு காத்து நிற்பார்கள்.

எங்கள் பக்கம் மட்டை பிடிக்கும் நேரத்தில் எறிபவனுக்கு வேலை இல்லை. வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நான் உட்காரும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கொஞ்ச இடம் வெறுமையாகக் கிடக்கும். எறிபவனை ஆட்டத்தின் நடுவில் குழப்பக்கூடாது, அவன் யோசிக்க வேண்டும், அதுதான் வழக்கம் என்று வாத்தியார் ஒருநாள் சொன்னார். நான் அதை நம்பினேன். நம்பி நிம்மதியாகவும் இருந்தேன்.

என்னோடு கதைத்தது பந்து பிடிக்கும் அந்தக் கராஜ்காரர் மட்டும்தான். அதுவும் விரலால். அவர் குந்தியபடி, தொடைகளுக்கு நடுவில் மறைத்து விரல் காட்டுவார். ஒரு விரல் என்றால் நேர்ப்பந்து, இரண்டு என்றால் வெளியே விலகுவது, மூன்று என்றால் மெதுவானது. எனக்குச் சரியென்றால் தலையை அசைப்பேன். இல்லையென்றால் அசையாமல் நிற்பேன். அவர் வேறொன்று காட்டுவார். சில நேரம் இரண்டுபேரும் ஒத்துக்கொள்ள மாட்டோம். அவர் திரும்பத் திரும்ப ஒன்றையே காட்டுவார். நான் நிற்பேன். கடைசியில் யாரோ ஒருவர் விட்டுக்கொடுப்போம். ஓர் ஆட்டத்தில் இப்படி நூற்றிருபது, நூற்றுமுப்பது தரம். இத்தாலிக்கு வந்த பிறகு வேறு எந்த மனிதரோடும் நான் அவ்வளவு கதைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சனம் எல்லாம் ஒன்றுகூடும். தேவாலயம், பூசை, கலியாண வீடு, செத்த வீட்டுக் கூட்டம், சீட்டு, தமிழ்ப் பள்ளிக்கூடம், எல்லாம் அன்றுதான். வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு வேறு நாள் கிடையாது. எனக்கோ அன்றுதான் ஆட்டம். பலெர்மோவின் கால்சாப் பகுதியில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் ஐந்தாறுபேர் சேர்ந்து லீவு நாளுக்கென்று ஓர் அறை எடுத்திருந்தோம். அங்கே மன்னாரைச் சேர்ந்த ஓர் அண்ணை இருந்தார். பெரிய ஆஸ்பத்திரி டொக்டர் ஒருவரின் வீட்டில் சமையல். கடல்மீன் என்றால் அவர்தான் வாங்க வேண்டும். மற்றவர்கள் என்னைப் பந்துக்காரன் என்று பகிடி பண்ணினார்கள். பிறகு பகிடி பண்ணுவதையும் விட்டுவிட்டார்கள். யாருக்காவது பிறந்தநாள் என்றால், 'அவன் வரமாட்டான்' என்று எனக்குச் சொல்லாமலே விடத் தொடங்கினார்கள். அதில் பிழை சொல்ல முடியாது. நான் உண்மையாகவே போகமாட்டேன்.

அண்ணை மட்டும் ஒருநாள் ஆட்டம் பார்க்க வந்தார். பூசை முடிந்த கையோடு, நல்ல சேட்டும் சப்பாத்தும் போட்டு, வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். அன்று நான் நன்றாக எறிந்தேன். ஒன்றரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனார். பின்னேரம் அறையில் சாப்பிடும்போது கேட்டார்.

"தம்பி, நீர் எறிஞ்ச பந்தை அவங்கள் அடிக்கேலாமல் விட்டவங்கள் தானே? அது நல்லதோ கூடாதோ?"

"நல்லது அண்ணை. அதுதான் என்ரை வேலை."

"அப்ப ஏன் உங்கடை ஆக்கள் ஒருத்தரும் கைதட்டேல்லை?"

அங்கே வருகிறவர்கள் எல்லாம் ஆட்டக்காரர்களின் அம்மாமாரும் காதலிகளும்தான், அவரவர் தங்கள் ஆளுக்குக் கைதட்டுவார்கள் என்று சொன்னேன். அண்ணை கொஞ்சநேரம் மீன்முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் தட்டியிருக்கலாம்," என்றார். "எந்த இடத்திலை தட்டிறது எண்டு தெரியேல்லை."

அந்த நான்கு வருடத்தில் ஒரே ஒரு பெரிய வெற்றி இருந்தது. பட்டியலில் முதலாவதாக இருந்த அணி பலெர்மோவுக்கு வந்தது. ஒன்பது சுற்று முழுவதும் நானே எறிந்தேன். அவர்களுக்கு ஓர் ஓட்டமும் கிடைக்கவில்லை. முடிந்ததும் எல்லோரும் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள். பிறகு குடும்பம் குடும்பமாகக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். நான் பஸ் எடுத்து வீட்டுக்கு வந்தேன். யாருக்காவது சொல்ல வேண்டும்போல இருந்தது. ஊரில் அம்மாவிடம் தொலைபேசி இல்லை. அண்ணையின் டொக்டர் வீட்டுக்கு எடுத்தால் அவர்களுக்குப் பிடிக்காது. லீவு நாளானாலும் நான் சிஞ்ஞோராவிடம் கேட்டு, எஞ்சினியருக்கு சூப் ஊட்டுகிற வேலையை வாங்கிக்கொண்டேன். கரண்டிக்குக் கரண்டி நடுவில் அவருக்குச் சொன்னேன். அவர் சரியாகக் கதைக்க மாட்டார். வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு போகும். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் "எத்தனை?" என்று கேட்டார்.

"பூச்சியம்," என்றேன். "அவர்களுக்குப் பூச்சியம்."

அவர் வலது கையால் மேசையில் இரண்டு தரம் தட்டினார். எனக்கு அது போதும்போல இருந்தது. அறைக்குப் போன பிறகு போதவில்லை.

நான்காவது கோடை முடிந்து, ஆட்டங்கள் நின்றுபோன காலத்தில் ஊரில் அது நடந்தது. யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது என்று செய்தி வந்தது. பாலத்தைத் தாண்டி, மழையில், இலட்சக்கணக்கான சனம். அம்மாவும் அக்காவும் அதற்குள் இருந்தார்களா, தங்கிவிட்டார்களா, என்ன ஆனது என்று ஒன்றும் தெரியவில்லை. கால்சா அறையில் எல்லோரும் வானொலியைச் சுற்றி இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஊர். ஒருவரையொருவர் பார்க்கவே பயமாக இருந்தது. மூன்று கிழமை போய்விட்டது. கடிதம் இல்லை.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அறைக்குப் போகப் பிடிக்காமல் பிரான்காச்சோ பஸ்ஸில் ஏறினேன். ஏன் என்று தெரியாது. கராஜ்காரர் ஒரு ஸ்கூட்டரைத் தலைகீழாக வைத்துச் சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். சில்லைக் கீழே வைத்தார். பழந்துணியில் கையைத் துடைத்தார். சுவரில் ஆணியில் தொங்கிய கையுறையை எடுத்தார். பெட்டியொன்றைக் கிளறி ஒரு பழைய பந்தைக் கண்டுபிடித்து என்னிடம் தந்தார்.

கராஜுக்குப் பின்னால், குடியிருப்புக் கட்டடங்களுக்கு நடுவில் நீளமான ஒழுங்கை. மேலே கொடிகளில் உடுப்பு காய்ந்தது. அவர் ஒரு முனையில் குந்தினார். நான் எறிந்தேன். அன்று அவர் விரல் காட்டவில்லை. எங்கே போட வேண்டும் என்று நானும் பார்க்கவில்லை. உள்ள பலத்தையெல்லாம் போட்டு எறிந்தேன். சில பந்துகள் சுவரில் அடித்தன. ஒன்று அவருடைய தோளில் பட்டது. எழும்பிப் போய் எடுத்து வந்து திரும்ப எறிந்தார், திரும்பவும் குந்தினார். மேலே ஒரு மனுசி யன்னலைத் திறந்து சத்தம் போட்டாள். அவர் நிமிர்ந்து ஏதோ ஒரு சொல் சொன்னார். யன்னல் சாத்தப்பட்டது.

வெளிச்சம் குறைந்து பந்து தெரியாமல் போனபோது நிறுத்தினோம். கையுறையைக் கழற்றினார். உள்ளங்கை சிவந்து வீங்கியிருந்தது. அதைக் காற்சட்டையில் தேய்த்துக்கொண்டு கேட்டார்.

"அம்மாவோ?"

"தெரியாது," என்றேன். "உயிரோடை இருக்கிறாவோ தெரியாது."

அவர் தலையை ஆட்டினார். ஸ்கூட்டரிடம் போய்ச் சில்லைப் பூட்டத் தொடங்கினார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பூட்டி முடிந்ததும் பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார்.

மார்கழி முடிவில் அக்காவின் கடிதம் வந்தது. அம்மா இருக்கிறா, கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள்.

வசந்தத்தில் பயிற்சி தொடங்கியபோது மைதானத்தில் ஒரு புதிய ஆள் நின்றான். அமெரிக்காவில் உண்மையாகவே சம்பளத்துக்கு எறிந்தவனாம். நல்ல உயரம். பந்து போகிற வேகத்தை நானே வாய்பார்த்துக்கொண்டு நின்றேன். வெளிநாட்டவனுக்கு ஓர் இடம்தான். வாத்தியார் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்த் தோளில் கை போட்டார்.

"நீ விளங்கிக்கொள்ளுவாய்," என்றார்.

விளங்கியது. மெசினாப் பக்கம் ஓர் அணிக்கு எறிபவன் தேவை என்று அவரே கதைத்து வைத்திருந்தார். அன்று கராஜ்காரர் புதியவனுடைய பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு நான் போனபோது முகமூடியை உயர்த்திப் பார்த்தார். அடுத்த பந்து வந்துகொண்டிருந்தது, முகமூடியை இறக்கிக்கொண்டார்.

அதிலிருந்து நான்கு வருடத்தில் நான்கு அணி மாறினேன். முதலாவது மெசினாப் பக்கம். அடுத்த வருடம் கத்தானியாவுக்கு மேலே எரிமலை அடிவாரத்தில் ஓர் ஊர். அங்கே மண்மேடு முழுக்கக் கறுப்புச் சாம்பல். பிறகு கடலைத் தாண்டிக் கலாப்ரியா. கடைசியாகத் திராப்பனிப் பக்கம் ஒரு சின்ன அணி. யாருக்காவது ஆள் தேவைப்பட்டால் டெலிபோன் வரும், போவேன். ஞாயிறு விடிய முதல் ரயில், ஆட்டம், பின்னேர ரயில். கலாப்ரியாவுக்கு என்றால் சனி பின்னேரமே போக சிஞ்ஞோரா விடுவார். ரயிலோடு சேர்த்து எங்களைக் கப்பலில் ஏற்றுவார்கள். எல்லோரும் இறங்கி மேல்தட்டில் போய்ச் சாப்பிடுவார்கள். நான் பெட்டிக்குள்ளேயே இருந்து கொண்டுபோன சோற்றுப் பொட்டலத்தை அவிழ்ப்பேன். மேலே அவிழ்த்தால் கறி வாசத்துக்கு ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மெசினாவில் ஒரு விசயம் கண்டேன். அங்கே என்னோடு இன்னொரு எறிபவன் இருந்தான், உள்ளூர்ப் பெடியன். அவன் எறிகிற நாளில், நடுவில் வந்து வாங்கில் உட்கார்ந்தால், எல்லோரும் அவனைச் சுற்றி இருந்து சிரித்துக் கதைத்தார்கள். தண்ணீர்ப் போத்தலை வாயில் வைத்து விட்டார்கள். ஒருவன் அவனுடைய தலையில் தொப்பியைத் திருப்பிப் போட்டான். எறிபவனைக் குழப்பக்கூடாது என்ற வழக்கம் எங்கும் கிடையாது. நான் மற்ற முனையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் ஆடியில் நாங்கள் பலெர்மோ அணியோடு ஆடினோம். என் பழைய மைதானத்தில், என் பழைய மேட்டில் எதிர்ப்பக்கத்து ஆளாக நின்றேன். இரண்டாவது சுற்றில் கராஜ்காரர் மட்டையோடு வந்தார். நான்கு வருடம் மேட்டிலிருந்து அவரைக் குந்திய நிலையில்தான் பார்த்திருக்கிறேன். நின்றபோது வேறு யாரோபோல இருந்தார். அவருடைய பலவீனம் எனக்குத் தெரியும். வெளிப்பக்கம், தாழ்வு, அது அவருக்கு எட்டாது. வேறு இடத்தில் போடலாமா என்று ஒருகணம் நினைத்தேன். அது அவரை அவமதிப்பது என்றும் தோன்றியது. வெளிப்பக்கம் தாழ்வாக மூன்று தரம் போட்டேன். மூன்றுக்கும் வீசினார், மூன்றும் படவில்லை; மூன்று தவறினால் அவுட். மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு தலையைத் திருப்பாமல் போனார். அன்று மூன்று தரம் வந்தார். மூன்று தரமும் அப்படியே அனுப்பினேன்.

ஆட்டம் முடிந்து, போகிற வழியில் லிபெர்த்தாவில் என்னை இறக்கிவிடவிருந்த எங்கள் பஸ் புறப்பட முதல் அவர் வந்தார். மனைவி சுட்டுத் தந்த அரஞ்சீனிச் சோற்றுருண்டைகளைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இன்னும் சூடாக இருந்தன.

"நல்லா எறிஞ்சாய்," என்றார்.

"நன்றி," என்றேன்.

"அம்மா?"

"இருக்கிறா."

"நல்லது. நல்லது."

நான் கராஜ் எப்படி என்று கேட்டேன். அவர் நன்றாகப் போகிறது என்றார். அவர் மெசினா எப்படி என்று கேட்டார். நான் காற்று அதிகம் என்றேன். எங்களுக்குள் நூறு நூறாகப் போய்வந்த பேச்செல்லாம் மேட்டுக்கும் அவர் குந்தியிருந்த இடத்துக்கும் நடுவில் இருந்த அந்த அறுபதடியில்தான் நடந்தது. ஓர் அடி தூரத்தில் நின்று எங்களுக்குக் கதைக்கத் தெரியவில்லை. சாரதி ஹோர்ன் அடித்தான். கையைக் குலுக்கினோம். நான் ஏறி, வழக்கம்போல் கடைசி வாங்கில் இருந்தேன். அரஞ்சீனியை யாருக்காவது கொடுக்கலாம் என்று பார்த்தேன். முன்னால் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். நானே எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

அதே வருடம் மன்னார் அண்ணை கனடாவுக்குப் போனார். விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போக முடியவில்லை. அது ஞாயிற்றுக்கிழமை.

தோள் எப்போது பழுதாகத் தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியாது. கலாப்ரியாவில் இருந்தபோதே திங்கட்கிழமைகளில் கை மேலே போகாது. திராப்பனிப் பக்கத்து அணியில் என்னை ஆட்டத்தில் போடுவதும் குறைந்தது. ஆட்டத்துக்கு முதல் மட்டைக்காரர்கள் அடித்துப் பழகுவதற்கு மெதுவாகப் பந்து போட்டுக் கொடுப்பேன். அவர்கள் சந்தோசமாக அடிப்பார்கள். ஆட்டம் தொடங்கியதும் நான் வாங்கில். எனக்கு முப்பத்திரண்டு வயது.

ஒரு திங்கள் காலை எஞ்சினியரைக் கட்டிலிலிருந்து தூக்கினேன். பாதியில் வலது தோள் விட்டுவிட்டது. அவர் என் நெஞ்சில் சரிந்தார். இடது கையால் இறுக்கிப் பிடித்து, முழங்காலைக் கட்டில் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, எப்படியோ நிலத்தில் விழாமல் திரும்பப் படுக்கையில் போட்டேன். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. சத்தம் கேட்டு சிஞ்ஞோரா நடையிலிருந்து என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல் எஞ்சினியர் "ஒன்றுமில்லை" என்றார். அந்த ஒரு சொல்லைத் தெளிவாகச் சொல்ல அவர் எவ்வளவு பாடுபட்டார் என்று எனக்குத் தெரியும். பிறகு இயங்குகிற வலது கையை உயர்த்தி என் தோளைத் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு தலையை இருபக்கமும் ஆட்டினார்.

அன்று மத்தியானமே கீழே இருந்த பாரிலிருந்து அணித் தலைவருக்கு டெலிபோன் எடுத்தேன். தோள் ஏலாது, இனி வரவில்லை என்றேன். "வா பெனே," என்றார். சரி என்று அர்த்தம். உடுப்பைத் தபாலில் அனுப்பிவிடச் சொன்னார். வேறு ஏதும் சொல்வார் என்று கொஞ்சநேரம் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஏற்கெனவே வைத்துவிட்டார். உடுப்பைத் தோய்த்து, ஸ்திரி போட்டு, கடதாசியில் சுற்றி அனுப்பினேன். எட்டு வருடம் எறிந்ததற்கு முடிவு அதுதான். என் ஆட்டத்தை எழுதிவைத்த பேப்பர் ஒன்றும் என்னிடம் இல்லை. ஓர் அணிப் படம் இருக்கிறது. அதில் என் முகத்தில் முன்னால் நின்றவனின் தொப்பி நிழல் விழுந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு எங்கே போவதென்று தெரியாமல் வெளிக்கிட்டேன். கால்சா அறையில் அப்போது புதுப் பெடியன்கள். அவர்களில் ஒருவன், பூசை நடக்கிறது, வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனான். ஒரு பழைய களஞ்சிய அறையை வாடகைக்கு எடுத்து, சாமிப் படங்கள் வைத்து, வாழைமரத்துக்குப் பதிலாகப் பச்சைக் கடதாசி கட்டியிருந்தார்கள். நூறு பேருக்கு மேல். பிள்ளைகள் இத்தாலியனில் கத்திக்கொண்டு ஓடின. அத்தனைபேரில் எனக்குத் தெரிந்த முகம் இரண்டு மூன்றுதான். அவர்களும் என்னை எங்கே கண்டது என்று யோசிப்பதுபோலப் பார்த்தார்கள்.

பூசை முடிந்து சோறு பரிமாறிய அக்கா ஒருவர் என் முன்னால் வந்ததும் நின்றார்.

"தம்பி புதுசு போலை. எப்ப வந்தனீங்கள்?"

"தொண்ணூற்றொண்டிலை வந்தனான், அக்கா."

"பகிடி விடாதேங்கோ," என்று சிரித்தார். "நானும் தொண்ணூற்றொண்டு. இஞ்சை இருக்கிற எல்லாரையும் எனக்குத் தெரியும். இவ்வளவு நாளும் எங்கை இருந்தனீங்கள்?"

மெசினா, கத்தானியா, கலாப்ரியா என்று தொடங்கினால் ஏன், என்னத்துக்கு என்று கேட்பார். மண்மேட்டையும் விரல்களையும் எங்கே நின்று சொல்லத் தொடங்குவது?

"ஞாயிற்றுக்கிழமை வேலை, அக்கா," என்றேன். "இப்ப விட்டிட்டன்."

"அதுதானே பார்த்தன். ஞாயிற்றுக்கிழமையிலையும் வேலை வாங்கினவங்களோ? பாவியள்," என்றார். வாளியிலிருந்து இன்னொரு கரண்டி சாம்பாரை என் சோற்றில் ஊற்றினார். "வடிவாச் சாப்பிடுங்கோ. எந்த ஊர்?"

ஊரைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த ஒருவர் திரும்பி, அங்கே தனக்கு ஒரு மாமி இருந்தவ என்றார். எந்த ஒழுங்கை என்று கேட்டேன். அவர் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு விளங்கப்படுத்தத் தொடங்கினார்.